மனைவி பாஸ் நீட்டிப்பு: கோலாலம்பூரில் நம் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

மலேசியரைக் கல்யாணம் செய்துகொண்டு தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூருக்கு வந்த பெண்களிடம் "உங்கள் பாஸ் எப்போது முடிகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "அவருக்குத்தான் தெரியும்" என்றுதான் பலர் சொல்வார்கள். பாஸ்போர்ட் கணவரின் அலமாரியிலோ மாமனாரின் பெட்டியிலோ இருக்கும். வீட்டில் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. ஆனால் குடிநுழைவுச் சட்டம் 1959/63-இன் 15ஆவது பிரிவு, அனுமதி முடிந்த பிறகும் நாட்டில் தங்கியிருப்பவரைத்தான் கேள்வி கேட்கிறது. மறந்துபோனது கணவராக இருக்கலாம், வழக்கு உங்கள் பெயரில்தான் வரும். தண்டனை 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

அதனால் முதல் வேலை, இன்றே பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி அந்தத் தேதியை நீங்களே பாருங்கள். பேச்சில் எல்லாவற்றையும் விசா என்றே சொல்கிறோம். மலேசியாவில் நாட்டுக்குள் நுழைவதற்கு விசா, தங்கியிருப்பதற்குப் பாஸ். நீட்டிப்பு என்று வரும்போது பார்க்க வேண்டியது பாஸின் தேதியை. முதலில் தெரிந்த பக்கத்தில் இருக்கும் தேதியைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இந்தப் பாஸின் முழுப் பெயர் நீண்டகால சமூக வருகைப் பாஸ். மனைவி பாஸ் என்று சொன்னாலும், மலேசியப் பெண்ணைக் கட்டிய வெளிநாட்டுக் கணவருக்கும் இதே பாஸ்தான், இதே விதிகள்தான்.

போன தடவை கொடுத்தார்கள், இந்தத் தடவையும் தானாகக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைப்பது அடுத்த தவறு. ஒவ்வொரு நீட்டிப்பும் புதிதாக எடுக்கப்படும் முடிவு. கல்யாணம் உண்மையானதா, இன்னும் தொடர்கிறதா, காகிதங்கள் ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பார்கள்.

காகிதம் என்றதும் நம் சமூகத்தில் பெரிய ஓட்டை திருமணப் பதிவில் இருக்கிறது. கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் விருந்து வைத்து, ஊரே வந்து வாழ்த்தியிருக்கும். ஆனால் 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி (164ஆம் சட்டம்), முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணம் பதிவு செய்யப்பட்டால்தான் சட்டப்படி செல்லும். உதவிப் பதிவாளர் உள்ள கோயிலில் முறைப்படி பதிவு செய்திருந்தால் சரி. வெறும் சடங்கோடு விட்டிருந்தால், தேசியப் பதிவுத் துறையின் கணக்கில் நீங்கள் இருவரும் மணமாகாதவர்கள். தமிழ் முஸ்லிம்களுக்கு இது தனி வழி. கூட்டரசுப் பிரதேசத்தில் ஜாவி எனப்படும் இஸ்லாமிய சமய இலாகாவில் பதிய வேண்டும்.

கல்யாணம் திருச்சியிலோ மதுரையிலோ நடந்திருந்தால் அங்கே கிடைத்த சான்றிதழ் மட்டும் போதாது. வெளிநாட்டில் மணம் முடித்த மலேசியர் அதை மலேசியாவில் பதிவு செய்ய ஆறு மாதக் கெடு உண்டு. நாள் கடந்துபோனால் தாமதப் பதிவு, கூடுதல் விளக்கம், அலைச்சல். நீட்டிப்புக்குப் போகும் நாளில்தான் இது தெரியவரும் என்பதே கொடுமை.

பதிவைத் தள்ளிப்போடுவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது; இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பெற்றோரின் கல்யாணம் சட்டப்படி பதிவாகாமல் பிறந்த குழந்தைக்கு, அப்பா மலேசியர் என்பதால் மட்டும் குடியுரிமை வராது. கூட்டரசு அரசமைப்பின்படி அந்தக் குழந்தை தாயின் நிலையைத்தான் பின்பற்றும். அடையாள அட்டை இல்லாமல் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் திண்டாடும் நம் பிள்ளைகளில் பலரின் கதை இங்கேதான் தொடங்குகிறது. பாஸுக்காக இல்லாவிட்டாலும் பிள்ளைக்காகவாவது முதலில் பதிவு செய்யுங்கள்.

அப்புறம் பெயர். வேறு எந்தச் சமூகத்தையும்விட நமக்கு இதில் தலைவலி அதிகம். மலேசிய அடையாள அட்டையான ஐசியில் 'முருகன் அ/லெ சுப்பிரமணியம்' என்று அப்பா பெயரோடு இருக்கும் ('அ/லெ' என்றால் மகன்). இந்தியப் பாஸ்போர்ட்டில் பெயர் ஒரு கட்டத்திலும் குடும்பப் பெயர் இன்னொரு கட்டத்திலும் இருக்கும்; நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்பதால் அப்பா பெயரோ இன்ஷியலோ அங்கே போய் உட்கார்ந்திருக்கும். திருமணச் சான்றிதழில் 'எஸ். கவிதா', பாஸ்போர்ட்டில் 'கவிதா செல்வராஜ்', புதுப் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்து 'கவிதா முருகன்'. நமக்கு மூன்றும் ஒரே கவிதா. கவுண்டரில் இருப்பவருக்கு அவை மூன்று பெயர்கள்.

இதைத் தவிர்க்க ஒரு வழி, இங்கே இருக்கும்போது பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றாமலே இருப்பது. கல்யாணம் ஆனதால் பெயரை மாற்றியே தீர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கணவரின் பெயரைத் துணைவர் பெயர் என்ற இடத்தில் சேர்த்தாலே போதும். ஏற்கெனவே மாற்றிவிட்டீர்கள் என்றால், பழைய பெயரும் புதுப் பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, பழைய பாஸ்போர்ட்டையும் கூடவே வையுங்கள். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி, அதே எழுத்துக்கூட்டலில் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் திரும்ப அலைய வேண்டியிருக்கும்.

பாஸ்போர்ட்டின் ஆயுளும் முக்கியம். பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டிப் பாஸ் தரமாட்டார்கள். ஓராண்டு நீட்டிப்பு கேட்பவரின் பாஸ்போர்ட்டில் ஒன்பது மாதம்தான் மிச்சம் என்றால் ஓராண்டு எப்படிக் கிடைக்கும்? இந்தியப் பாஸ்போர்ட்டை முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முதலில் அதை முடித்துவிட்டுப் பாஸுக்குப் போங்கள். புதுப் பாஸ்போர்ட் வந்ததும் பழையதைப் பரணில் போட்டுவிடாதீர்கள். பாஸ் பழையதில் இருக்கும்வரை இரண்டும் சேர்ந்துதான் உங்கள் ஆவணம். புதியதற்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

எப்போது தொடங்குவது? பாஸ் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே. கடைசி வாரத்தில் போனால் போதும் என்பது இணைய முன்பதிவு இல்லாத காலத்துப் பழக்கம். இப்போது பல வேலைகளுக்கு எஸ்டிஓ என்ற முன்பதிவுத் தளத்தில் தேதி எடுத்துவிட்டுப் போக வேண்டும். ஜாலான் டூத்தா பக்கம் உள்ள உள்துறை அமைச்சு வளாகமா, புத்ராஜெயாவா, உங்கள் மாநில அலுவலகமா, உங்கள் கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கேயே பதியுங்கள். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தைப்பூசம், தீபாவளி விடுமுறைகளைக் கழித்தே நாளை எண்ணுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் 12.15 முதல் 2.45 வரை தொழுகை இடைவேளை. அந்த நேரத்தில் போய் நிற்காதீர்கள். மலேசியத் துணைவர் நேரில் வர வேண்டும். அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று மனைவி மட்டும் போய், ஒரு நாள் வீணாகித் திரும்பி வருவது அடிக்கடி நடக்கிறது. போண்ட் எனப்படும் பிணைப் பத்திரத்துக்கு 10 ரிங்கிட் வருமான வரி வாரிய முத்திரை வேண்டும். அதை முன்கூட்டியே போட்டு வையுங்கள். எதைக் கொடுத்தாலும் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது பாஸ் முடிந்துவிட்டால், "கொடுத்துவிட்டோமே, பதில் வரட்டும்" என்று சும்மா இருக்கக் கூடாது. ரசீது உங்களைக் காப்பாற்றாது. இதற்கென்று சிறப்புப் பாஸ் இருக்கிறது, கட்டணம் 100 ரிங்கிட், குறுகிய காலத்துக்குத் தருவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பாஸோடு ஊருக்குப் போய்விட்டால் அதை வைத்துத் திரும்ப உள்ளே வர முடியாது. அதனால் பாட்டி திதிக்கோ தங்கை கல்யாணத்துக்கோ டிக்கெட் போடும் முன்பு யோசியுங்கள்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரலாம் என்றானதும் புதிதாக ஒரு யோசனை பரவியிருக்கிறது. பாஸ் முடியட்டும், சிங்கப்பூர் போய்விட்டுச் சுற்றுலாப் பயணியாகத் திரும்பிவிடலாம் என்பது அது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நீங்கள் இங்கே குடும்பத்தோடு வாழ்பவர் என்பது எல்லையில் இருக்கும் அதிகாரிக்குத் தெரிந்தால், சுற்றுலா என்ற பேச்சு எடுபடாது. திருப்பி அனுப்பவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அதைவிடப் பெரிய நட்டம் நிரந்தரவாசத்தில் வரும். மலேசியரின் மனைவி அதற்கு விண்ணப்பிக்க, நீண்டகாலப் பாஸில் 5 ஆண்டு தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். நான்காவது ஆண்டில் ஒரு இடைவெளி விழுந்தால் எவ்வளவு காலம் கையை விட்டுப் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வேலை விஷயத்தில் சுருக்கமாக: கணவர் மலேசியர் என்பதால் எந்த வேலையும் செய்யலாம் என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் பாஸில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று படியுங்கள். மஸ்ஜித் இந்தியா துணிக்கடை வேலையானாலும் வீட்டில் எடுக்கும் டியூஷனானாலும், அனுமதி இல்லாமல் செய்தால் அது பாஸ் நிபந்தனையை மீறியதாகும். அடுத்த நீட்டிப்பில் அது எதிரே வந்து நிற்கும்.

வேலைப் பாஸில் வந்த ஐடி குடும்பங்களுக்கும் ஒன்று. மனைவி, பிள்ளைகளின் சார்ந்தோர் பாஸ் கணவரின் பாஸோடு கட்டப்பட்டது. அவர் வேலையை விட்டு, நிறுவனம் அவர் பாஸை ரத்து செய்தால், மனைவி பாஸில் அடுத்த ஆண்டுத் தேதி அச்சாகியிருந்தாலும் பயனில்லை. புது நிறுவனத்தில் சேரும் முன்பே இதைப் பேசி முடியுங்கள். இங்கே பிறந்த குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட், தனிப் பாஸ் வேண்டும்.

ஏஜென்ட் விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்வேன். மனைவி பாஸுக்கு ஏஜென்ட் தேவையில்லை. "அங்கே எனக்கு ஆள் இருக்கு, நீங்க வரவே வேணாம்" என்று சொல்பவரிடமிருந்து உடனே பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள். போலி ஸ்டிக்கர் ஒட்டிய பாஸ்போர்ட்டோடு விமான நிலையத்தில் நிற்கப்போவது அவர் இல்லை. 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் இன்னொருவரின் பாஸ்போர்ட்டை வைத்திருப்பதே குற்றம். இது முதலாளிக்கும் பொருந்தும், ஏஜென்டுக்கும் பொருந்தும்.

வீட்டுக்குள்ளும் இதை நினைவில் வைக்க வேண்டிய பெண்கள் இருக்கிறார்கள். சண்டை வந்தால் "நான் கையெழுத்துப் போடமாட்டேன், ஊருக்குப் போய்ச் சேரு" என்று மிரட்டும் கணவர்கள் உண்டு. அந்த நிலையில் இருப்பவர், பாஸ் முடியும்வரை பொறுத்துப் பார்ப்பது பெரிய தவறு. பாஸ் உயிரோடு இருக்கும்போது உங்களுக்கு இருக்கும் வழிகள், அது முடிந்த பிறகு குறைந்துபோகும். பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அடி உதை இருந்தால் போலீஸ் புகார் செய்து அதன் நகலை வாங்குங்கள். டபிள்யூ.ஏ.ஓ எனப்படும் பெண்கள் உதவி அமைப்பும், தெனகனிட்டாவும் இப்படிப்பட்ட பெண்களுக்கு உதவும் அமைப்புகள்.

ஏற்கெனவே தேதி தாண்டிவிட்டது என்றால்? பொதுமன்னிப்பு வரும் என்று வீட்டுக்குள் ஒளிந்திருக்காதீர்கள். 2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை நடந்தது போன்ற திட்டங்கள், 500 ரிங்கிட் கட்டிவிட்டு நாட்டை விட்டு வெளியேறுவதற்கானவை. பாஸ் தருவதற்கானவை அல்ல. ஒரு வாரத் தாமதமும் ஓராண்டுத் தாமதமும் ஒன்றாகப் பார்க்கப்படாது. தெரிந்த அன்றே துணைவரையும் எல்லா ஆவணங்களையும் கூட்டிக்கொண்டு குடிநுழைவு அலுவலகத்துக்குப் போங்கள். மாதக்கணக்கில் ஆகியிருந்தால் அதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பணம் இல்லை என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் கோலாலம்பூர் சட்ட உதவி மையத்தில் கேட்கலாம்.