அமுக்கராப் பொடியும் நாற்காலிப் பயிற்சியும்: எங்கே பிசகுகிறது?

ராத்திரி பாலில் அமுக்கராப் (அஸ்வகந்தா) பொடி, காலையில் கொஞ்சம் நடை. 60 தாண்டியவர்களின் தசை இளைப்புக்கு இது போதும் என்ற நம்பிக்கை பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் பரவலாக இருக்கிறது. போதாது. பழகிய நடை தொடைக்குச் சுமையே அல்ல. சுமை ஏறாமல் தசை வளராது. அமுக்கராவுக்குச் சான்றாகக் காட்டப்படும் 2015 ஆய்விலும், 18 முதல் 50 வயது வரையான ஆண்கள் 8 வாரம் எடைப் பயிற்சி செய்துகொண்டேதான் தினம் 600 மில்லிகிராம் வேர்ச்சாறு எடுத்தார்கள். அந்தச் செறிவான சாறு வேறு, கடைப் பொடி வேறு. அந்த அளவு இதற்குப் பொருந்தாது.

கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியில் 5 முறை எழுந்து உட்காருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் வலு குறைந்திருக்கலாம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, 8 முதல் 10 தடவை எழுந்து உட்கார்ந்து, 2 நிமிடம் ஓய்வெடுத்து, இன்னும் இரண்டு சுற்று செய்யுங்கள். வாரம் 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும்; அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். பெரும்பாலோர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். மாதக்கணக்கில் அதே பத்தோடு நின்றுவிடுகிறார்கள். 12 தடவை லேசாக வந்துவிட்டால் ஒரு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பீடி சுற்றும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: நாள் முழுக்க ஓடுவது விரல்தான், மடக்கிய காலுக்கு வேலையே இல்லை.

சாப்பாட்டில் சோறு மட்டும் கூடினால் பயனில்லை. உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் உளுந்தில் கிண்டிய களியில் ஏறக்குறைய 12. சர்க்கரை உள்ளவர்கள் களியில் கருப்பட்டியைக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

பயிற்சியையும் அமுக்கராவையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். தலைசுற்றினால் எதனால் என்று தெரியாது. முதலில் மூன்று வாரம் பயிற்சி மட்டும். தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு அமுக்கரா மாத்திரையின் வேலையோடு மோதக்கூடும். இருமலுக்கென்று நாள்கணக்கில் அதிமதுரம் மெல்லுவது இன்னும் மோசம்: பொட்டாசியத்தை இறக்கி, தசையையே சோரவைக்கும், நீர் மாத்திரையும் (சிறுநீரைக் கூடுதலாகப் பிரிய வைப்பது) சேர்ந்தால் சீக்கிரமே. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது இங்கிலீஷ் மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அமுக்கரா எடுக்கையில் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ அன்றே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.