கேஸ் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுவது எப்படி: கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து

கடை ஷட்டரைத் தூக்கி ஊதுபத்தி கொளுத்துவதற்குள் யாராவது ஒருவர் வந்து கவுண்டரில் கையை ஊன்றிவிடுவார். "தம்பி, அந்தக் கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடு." எந்தக் கேஸ் மாத்திரை என்று கேட்டால், "அதான்ப்பா, மஞ்சளா சின்னதா இருக்குமே." எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் பதில் பெரும்பாலும் ஒரு சிரிப்புதான். டாக்டர் இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை, இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும்.

நான் மருத்துவர் இல்லை, மருந்தாளுநர். அதனால் உங்களுக்கு எந்த மாத்திரை வேண்டும் என்று இங்கே சொல்லப் போவதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்ததை எப்படிச் சாப்பிட வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும், எப்போது நிறுத்துவதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் முதல் தடவை வாங்குபவருக்குச் சொல்வது மாதிரி சொல்கிறேன். அல்சரையும் நெஞ்செரிச்சலையும் உண்மையிலேயே ஆற்றுகிற நல்ல மருந்து இது, அதில் சந்தேகமே இல்லை. நேரம் தப்பிச் சாப்பிடுவதும், முடிவுத் தேதியே இல்லாமல் சாப்பிடுவதும்தான் என் புகார்.

படி 1: இது அமிலத் தொல்லைதானா?

"கேஸ்" என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். வயிறு உப்பியிருப்பது, வாயு பிரிவது, மலச்சிக்கல், சாப்பிட்டதும் கனமாக இருப்பது எல்லாவற்றுக்கும் நம் ஊரில் ஒரே பெயர்தான். இந்த மாத்திரை வாயுவைக் குறைக்காது, அமிலத்தை மட்டும்தான் குறைக்கும். மேல் வயிற்றில் எரிச்சல், நெஞ்சுக்கூட்டுக்குப் பின்னால் எரிந்துகொண்டு ஏறுவது, புளித்த ஏப்பம், படுத்தால் தொண்டை வரை எதுக்களிப்பது, இவைதான் இதற்கான ஆட்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஒரு நாள் ராத்திரி கடை மூடுகிற நேரத்தில் ஒருவர் வந்து "நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு, சிரப் ஏதாவது குடுங்க" என்றார். டிசம்பர் மாதம், சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்த்திருந்தது, இடது தோளைத் தேய்த்துக்கொண்டே பேசினார். சிரப் கொடுக்கவில்லை, ஆட்டோ பிடித்து ஈசிஜி எடுக்க அனுப்பினேன். அது மாரடைப்பு. நெஞ்சில் அழுத்தம், வேர்வை, மூச்சு வாங்குவது, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, இதில் எது இருந்தாலும் சோடாவும் வேண்டாம், ஓமத் தண்ணீரும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வலியே இல்லாமல் வெறும் அசௌகரியமாகக்கூட அது வரும்.

சாப்பாடு விழுங்கும்போது அடைப்பது, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பாக மலம் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, இவை இருந்தாலும் மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும்தான். ஆனால் அது அதனால்தானா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

படி 2: அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள்

கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும், அதை விடுங்கள். பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள்.

"பிரசோல்" என்று முடிந்தால், அதாவது ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல், ராபெப்ரசோல், எசோமெப்ரசோல் என்று இருந்தால், அது அமிலச் சுரப்பையே அடைக்கும் பலமான வகை. அந்த மஞ்சள் மாத்திரை இதில்தான் வரும். "டிடின்" என்று முடிந்தால் அதைவிடக் கொஞ்சம் மிதமானது. முன்பு எல்லார் வீட்டிலும் இருந்த ரானிடிடின் இந்த வகைதான். அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் ஒரு பொருள் உருவாவதாகத் தெரிந்து, 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் மொத்தமாகச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். நம் நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022-ல் அது நீக்கப்பட்டது. பழைய அட்டை வீட்டில் கிடந்தால் அதைப் போட்டுக்கொள்ளாமல், டாக்டரிடம் ஃபாமோடிடின் சரிவருமா என்று கேளுங்கள். மூன்றாவது வகை, ஜெலுசில், டைஜீன் மாதிரி குடிக்கிற, சப்புகிற மருந்துகள். இவை ஏற்கெனவே சுரந்த அமிலத்தை அப்போதைக்கு மட்டுப்படுத்தும், சீக்கிரம் கேட்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். தண்ணீரில் போட்டால் பொங்குகிற உப்புத்தூளும் அப்படித்தான். ஆனால் அதில் சோடியம் அதிகம் என்பதால் பிரஷர் உள்ளவர்கள் அதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

கம்பெனிப் பெயருக்குப் பின்னால் "டி" அல்லது "டி.எஸ்.ஆர்" என்று ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அப்படியென்றால் அமில மருந்தோடு டோம்பெரிடோனும் சேர்ந்திருக்கலாம், பொடி எழுத்தில் சரிபாருங்கள். அது வாந்தி, குமட்டலுக்கான மருந்து, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும் வாய்ப்பு அதற்கு உண்டு. அதனால்தான் 2014-ல் ஐரோப்பிய மருந்து ஆணையம் குறைந்த அளவில், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் கொடுக்கச் சொன்னது. இங்கே மாதக்கணக்கில் வாங்கிப் போகிறார்கள். பெயரில் ஒரு எழுத்து கூடினால் மாத்திரைக்குள் ஒரு மருந்து கூடுகிறது, அவ்வளவுதான் விஷயம். பக்கத்து வீட்டு அக்கா "எனக்கு இதுதான் கேக்குது" என்று கொடுக்கும் அட்டையில் அந்த எழுத்து இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

படி 3: நேரம்

இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். "பிரசோல்" மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு எரியும்போது எடுத்துப் போடுகிற மாத்திரை இல்லை இது.

ஏன் என்று தெரிந்தால் மறக்க மாட்டீர்கள். வயிற்றுச் சுவரில் அமிலத்தை இறைக்கும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. ராத்திரி முழுக்கப் பெரும்பாலானவை சும்மா கிடக்கும், காலையில் முதல் இட்லி உள்ளே போகும்போதுதான் கூட்டமாக ஓட ஆரம்பிக்கும். ஓடுகிற பம்பில் மட்டும்தான் இந்த மருந்து போய் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்தும். ஆனால் மாத்திரை நேராக வயிற்றில் வேலை செய்வதில்லை, சிறுகுடலுக்குப் போய்க் கரைந்து, ரத்தத்தில் ஏறிச் சுற்றித்தான் வயிற்றுச் சுவருக்கு வருகிறது. ரத்தத்தில் அதன் அளவு ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். ஆக, மோட்டார் ஓடுகிற நேரமும் மருந்து வந்து சேர்கிற நேரமும் ஒத்துப்போக வேண்டும். ஒட்டிவிட்டால் அந்தப் பம்பு திரும்ப வேலை செய்யாது, உடம்பு புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். அதனால்தான் ஒரு வேளை மாத்திரை ஒரு நாளுக்குத் தாங்குகிறது.

எங்கள் கடைக்கு வரும் ஒரு அம்மா, பூக்கடை வைத்திருப்பவர், ஒன்றரை வருஷமாக டிபன் சாப்பிட்டு முடித்துப் பிரஷர் மாத்திரையோடு சேர்த்து இதையும் போட்டுக்கொண்டிருந்தார். "கேக்கவே மாட்டேங்குது, பவர் கூட உள்ளதா குடுங்க" என்று வந்தார். பவரைத் தொடாமல் நேரத்தை மட்டும் மாற்றச் சொன்னேன்: காலையில் எழுந்து பல் துலக்கியதும் மாத்திரை, அப்புறம் பூ கட்டி முடித்துவிட்டு அரை மணி கழித்து டிபன். காபியும் டிபனோடுதான். பத்து நாள் கழித்து வந்தவர் பவர் பற்றிப் பேசவே இல்லை, காபி தள்ளிப்போனதுதான் அவருக்குப் பெரிய குறை.

முதல் நாளே கேட்கவில்லையே என்று இரண்டாவது மாத்திரை போடாதீர்கள். முழு வேலை தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். ஒரு நாள் மறந்துவிட்டால் அடுத்த சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம், மறுநாளே நினைவு வந்தால் வழக்கமான ஒன்றோடு விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்க்க வேண்டாம். ராத்திரியில்தான் தொல்லை அதிகம் என்றால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுப் பத்தேகாலுக்குப் படுப்பவருக்கு எந்த மாத்திரையும் உதவாது என்பது வேறு கதை.

படி 4: முழுசாக விழுங்குங்கள்

மாத்திரையின் மேல் ஒரு பூச்சு இருக்கும். வயிற்று அமிலத்தில் மருந்து வீணாகாமல் குடல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். பாதியாக உடைத்தாலோ, கடித்தாலோ, வயதானவர்களுக்காகப் பொடித்துத் தேனில் குழைத்தாலோ பூச்சு போய்விடும், மருந்தும் போய்விடும். கேப்சூல் என்றால் உள்ளே குட்டிக் குட்டி மணிகளாக இருக்கும், அவற்றுக்கும் தனித்தனியாகப் பூச்சு உண்டு. பிரித்துப் பாலில் போட்டால் பூச்சு பாலிலேயே கரைந்துவிடும். விழுங்கக் கஷ்டம் என்றால் சொல்லுங்கள், வேறு வடிவத்தில் எழுதித்தர முடியும். பச்சைத் தண்ணீர் போதும்.

அட்டையை வெட்டி வாங்குவதிலும் ஒன்று இருக்கிறது. காலாவதித் தேதி ஓர் ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும், நாலு மாத்திரை வெட்டி வாங்கும்போது அது கடையிலேயே தங்கிவிடும். கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

படி 5: கூட என்ன சாப்பிடுகிறீர்கள்?

ஜெலுசில், டைஜீன் மாதிரி ஆன்டாசிட் சிரப் குடித்தால் மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சிப்ரோஃபிளாக்சசின், டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாட்டிக்குகளையும் இரும்புச்சத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம். "பிரசோல்" மாத்திரையும் தைராய்டு மருந்து சேர்வதைக் குறைக்கலாம் என்பதால் புதிதாக ஆரம்பிக்கும்போது டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரல் சாப்பிடுபவர்கள் ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல் இரண்டையும் தாங்களாக வாங்கவே கூடாது, குளோபிடோக்ரலின் வேலையை அவை மட்டுப்படுத்தும். முழங்கால் வலிக்கு தினமும் டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு, அது புண்ணாக்கும் வயிற்றுக்கு இதைப் போடுபவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். முதலில் அந்த வலி மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

படி 6: அட்டையில் தேதி எழுதுங்கள்

மார்க்கர் பேனாவால் ஆரம்பித்த தேதி, பக்கத்தில் டாக்டர் சொன்ன முடிவுத் தேதி. சொல்லவில்லையா? கேளுங்கள். சாதாரண நெஞ்செரிச்சலுக்கு நாலு முதல் எட்டு வாரம் என்பதுதான் வழக்கம். வருஷக்கணக்கில் போனால் வைட்டமின் பி12, மெக்னீசியம் குறையலாம். எலும்பு முறிவும் குடல் தொற்றும் கொஞ்சம் கூடுவதாகக் கணக்குகள் காட்டுகின்றன, மருந்துதான் காரணமா என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும். அரிதாகச் சிறுநீரகத்திலும் அழற்சி வரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள், அதுவும் பி12-ஐக் குறைக்கும். கால் மரத்துப்போவதைச் சர்க்கரை என்றே நினைத்துக்கொண்டிருக்காமல் ஒரு பி12 டெஸ்ட் பற்றிக் கேட்கலாம்.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் இன்றே நிறுத்திவிடாதீர்கள். முன்பு வயிற்றில் ரத்தக்கசிவு வந்தவர்கள், உணவுக்குழாயில் கடுமையான புண் இருந்தவர்கள், வயதான காலத்தில் ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் சிலருக்கு இது நீண்ட நாள் தேவை. அவர்கள் நிறுத்தினால்தான் ஆபத்து.

படி 7: நிறுத்தும்போது

டாக்டர் நிறுத்தச் சொன்ன மறுவாரமே எரிச்சல் திரும்பி வரும், "பாத்தீங்களா, இது இல்லாம முடியாது" என்று மறுபடி அட்டை வாங்க வருவார்கள். டென்மார்க்கில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றுத் தொல்லையே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு மாதிரி தொல்லைகள் வந்தன. அடைத்து வைத்த சுரப்பு கொஞ்ச நாள் துள்ளும், அவ்வளவுதான். பவரைக் குறைத்து, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இறங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இடையில் எரிந்தால் ஆன்டாசிட் சிரப் போதும். தலைமாட்டுப் பக்கம் கட்டில் காலுக்கு அடியில் ஒரு செங்கல், இடது பக்கம் சாய்ந்து படுப்பது, சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்காமல் இருப்பது எல்லாம் இந்த நாட்களில் நன்றாகவே உதவும்.

சில வாரம் கழித்தும் அடங்கவில்லை என்றால் என்னிடம் வராமல் வயிற்று டாக்டரிடம் போங்கள். ஹெச்.பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ எழுதுவார். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே "பிரசோல்" மாத்திரை சாப்பிட்டிருக்கக் கூடாது, சாப்பிட்டிருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். லேபில் பெரும்பாலும் இதைக் கேட்க மாட்டார்கள். அட்டையில் எழுதிய தேதியை நீங்களே காட்டுங்கள்.