ஸ்க்ரூத் தலையை மறைக்க மரப் பிளக்: வெட்டும் முறையும் பொருத்தும் முறையும்

தேக்கு பெஞ்சில் ஸ்க்ரூத் தலை தெரியாமலிருக்க, தலையைக் குழிக்குள் இறக்கி மேலே மரப் பிளக் (சின்ன உருண்டை மர மூடி) வைத்து அடைப்பது வழக்கம். கடையில் விற்கும் டவல் குச்சியை (dowel, உருண்டை மரக்குச்சி) அறுத்து அடித்தால் வேலை சீக்கிரம் முடியும். பாலிஷ் ஏறியதும் கறுப்புப் பொட்டு வைத்தது போலாகிவிடும். குச்சியின் வெட்டுமுகம் (ரேகைக்குக் குறுக்கே அறுத்த முனை) பாலிஷை உறிஞ்சிக்கொள்வதுதான் காரணம். பிளக்கைப் பலகையின் அகல முகத்திலிருந்து, பிளக் கட்டர் (டிரில்லில் மாட்டும், உள்ளே குழலான வெட்டு பிட்) வைத்து வெட்டுங்கள்.

அதே பலகையில் மிஞ்சிய துண்டு கிடைத்தால் அதற்கு மேல் வேறெதுவும் வேண்டாம். கணு இல்லாமல், ரேகை (மர நாரின் வரி) நேராக ஓடும் இடமாகப் பாருங்கள். வேம்பில் ரேகை பின்னிக் கிடக்கும், சீவும்போது பெயரும். கருவேலத்தில் கட்டர் சீக்கிரம் மழுங்கும்.

துண்டு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு வெட்டிய பிளக், ஈரோடு, கரூர் வெயிலில் ஒரு கோடை தாண்டுவதற்குள் சுருங்கும். மரம் ரேகையின் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, அகலவாக்கில்தான் சுருங்கும். அதனால் விரிசல் வட்டம் முழுக்க வராது. பிளக்கின் இரு பக்கமும் பிறைபோல் இரண்டு கீறலாகத் தெரியும்.

8ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 10 மி.மீ. பிளக் சரி. பலகையில் முதலில் 10 மி.மீ. ஃபார்ஸ்ட்னர் பிட்டால் (அடி தட்டையாகக் குழி எடுக்கும் டிரில் பிட்) 7 மி.மீ. ஆழம் குழி எடுங்கள். பிட்டின் முனை விட்ட புள்ளியில் ஸ்க்ரூவுக்கான துளையைப் போடலாம். வரிசையை மாற்றினால் ஃபார்ஸ்ட்னர் முனைக்குப் பிடிமானம் இல்லாமல் குழி நகர்ந்துவிடும்.

பிளக் வெட்ட பெஞ்ச் டிரில் (மேசையில் நிறுத்திய டிரில்) வேண்டும். பிளக் கட்டருக்கு நடுமுனை கிடையாது. கைடிரில்லில் போட்டால் மரத்தின் மேல் ஓடிவிடும். 20 மி.மீ. தடிமன் துண்டைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, சுமார் 1000 ஆர்.பி.எம்.மில் 10 மி.மீ. ஆழம் இறக்குங்கள். ஒரே மூச்சில் அழுத்த வேண்டாம். இரண்டு மூன்று மி.மீ.க்கு ஒருமுறை தூக்கித் தூளை வெளியேற்றுங்கள். கருகின வாசம் வந்தால் தூள் அடைத்திருக்கிறது, அல்லது கட்டர் மழுங்கியிருக்கிறது. கருகிய சுவரில் பசை பிடிக்காது.

வெட்டியவை துண்டோடு ஒட்டியே நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அடி உடைந்து ஓரம் கிழியும். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, துண்டைப் பக்கவாட்டில் நிறுத்தி, பிளக் அடியை ஒட்டி அறுங்கள். பிளக்குகள் டேப்பிலேயே வரிசையாக நிற்கும். ரேகைத் திசையும் குழம்பாது.

பசையைக் குழியின் சுவரில் மட்டும் லேசாகத் தடவுங்கள். அடியில் தேங்கினால் பிளக் இறங்காது, அடித்து இறக்கினாலும் மெல்ல எழும்பும். பலகை ரேகையோடு பிளக் ரேகையைச் சேர்த்து வைத்து மரச்சுத்தியலால் தட்டுங்கள். சத்தம் கனமாக மாறியதும் நிறுத்துங்கள்.

ராத்திரி முழுக்கக் காய விடுங்கள். பசை ஈரத்தில் மரம் ஊறியிருக்கும்போது சீவினால், காய்ந்த பிறகு அங்கே பள்ளம் விழும். மறுநாள் ஒரு விசிட்டிங் கார்டைப் பலகைமேல் வைத்து, அதன் மேலாக ரம்பத்தால் மேல்துண்டை அறுத்துவிடுங்கள். மிச்சத்தை உளியால் சீவ வேண்டும். முதல் சீவல் பாதி உயரத்திலேயே இருக்கட்டும்: சில்லு கீழ்நோக்கிப் பெயர்ந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து சீவுங்கள். இங்கே அவசரப்பட்டால் பிளக் பலகை மட்டத்துக்குக் கீழே பெயர்ந்துவிடும். அதைத் துளைத்தெடுத்துப் புதிதாகத்தான் போட வேண்டும். கடைசியாக 120 நம்பர், பிறகு 180 நம்பர் உப்புத்தாள், ரேகையின் போக்கிலேயே.