விசனத்தைப் பட்டியல் போடாதீர்கள்: மனபாரம் இறங்க எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டைக்குள் கிடந்து உருட்டுவது இரண்டு ரகம். ஒன்று வேலை: சீட்டுப் பணம் கட்டணும், கேஸ் புக் பண்ணணும், பட்டா விஷயமாக வி.ஏ.ஓ.வைப் பார்க்கணும். மற்றது நம்ம திருநெல்வேலிப் பக்கம் 'வெசனம்' என்கிறோமே, அந்த மனக்கவலை: சொத்துப் பேச்சில் அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை, மூணு மாசமாகப் போன் பண்ணாத மகன். எழுதினால் பாரம் குறையும் என்று யாரோ சொல்லக் கேட்டு நோட்டை எடுக்கிறவர்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் கொட்டிவிடுகிறார்கள். தவறுகளில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது. எழுத வேண்டிய நேரம், தாள், அளவு எல்லாமே இரண்டுக்கும் வேறு வேறு.

வேலையை ராத்திரி எழுதலாம். படுக்கும் முன் 5 நிமிடம் போதும். கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் இதற்குச் சரியான அளவு, ஏழெட்டு வரிக்கு மேல் பிடிக்காது. டெக்சாஸில் உள்ள பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. மறுநாள் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது.

இங்கே நடக்கும் தவறு, 'கல்யாண வேலை' என்று ஒற்றை வரியில் எழுதி வைப்பது. அது வேலையின் தலைப்பு மட்டும். 'செவ்வாய் பத்து மணிக்கு மேல பந்தல்காரருக்குப் போன், நாற்காலி 300' என்று எழுதினால்தான் மனம் அதைக் கீழே வைக்கும். வேலை முடியாவிட்டாலும், எப்போது எப்படிச் செய்வோம் என்ற திட்டம் இருந்தாலே அந்த நினைப்பு குறுக்கே வருவது குறைகிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் மஸிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011-ல் காட்டினார்கள்.

விசனத்தை இப்படி ராத்திரி எழுதக் கூடாது. ஆறாத ஒன்றைக் கிளறினால் எழுதி முடித்த கையோடு மனசு இன்னும் கனக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் மட்டுப்படும். பதினோரு மணிக்கு எழுதிவிட்டு விளக்கை அணைத்தால் கொட்டக் கொட்ட விழித்துக் கிடக்க வேண்டியதுதான். சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன் எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒரு நடை, அல்லது கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டும்.

அளவு: ஒரு நாளைக்கு 15 நிமிடம், தொடர்ந்து நாலு நாள். 1986-ல் உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் மாணவர்களிடம் சோதித்த கணக்கு இது. நடந்ததை மட்டும் எழுதியவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. நடந்ததையும் அதனால் மனசு பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள்தான் பிந்திய மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. நாலு நாளோடு நிறுத்துங்கள். வருஷம் பூராவும் அதே விசனத்தை எழுதிக்கொண்டிருப்பது மருந்தையே சோறாகச் சாப்பிடுகிற கதை.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. முதல் நாள் பக்கத்தையும் மூன்றாம் நாள் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'அவன் என்னைய மதிக்கல' என்ற வரி அப்படியே மறுபடி வந்திருந்தால் அது செக்கைச் சுற்றும் எழுத்து, பாரத்தை இறக்காது. பலன் கண்டவர்களின் தாள்களைப் பென்னபேக்கர் பிறகு ஆராய்ந்தபோது, நாளாக ஆக 'ஏனென்றால்', 'இப்போதுதான் புரிகிறது' போன்ற சொற்கள் கூடிவந்தது தெரிந்தது. ஆகவே இரண்டாம் நாள் 'ஏன்னா' என்று ஒரு வரியையாவது தொடங்குங்கள். அதற்கும் வரி நகராவிட்டால் 'நான்' என்பதை விட்டு 'அவள்', 'அவன்' என்று உங்களைப் பற்றியே எழுதுங்கள். பக்கத்து வீட்டு விவகாரம் மாதிரி தெரிய ஆரம்பித்தால் பிடி தளரும்.

இன்னொன்று, பள்ளிக்கூடத் தமிழ். பாளையங்கோட்டையில் பள்ளிகளுக்குக் குறைவில்லை. கட்டுரை எழுதிப் பழகிய கை 'எனக்கு மிகுந்த மனவருத்தம் ஏற்பட்டது' என்றுதான் போகும். அந்த வரியில் கோபமே இல்லை. 'அந்தச் சவம் அத்தன பேரு முன்னால வச்சு என்னைய அப்படிக் கேட்டுட்டான்' என்று வாயில் வருகிறபடி எழுதுங்கள். சந்திப் பிழையை யாரும் திருத்தப்போவதில்லை.

யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் வளவு வீடுகளில் நியாயமானது. ஒரே முற்றம், ஒரே பரண். பயந்துகொண்டு எழுதினால் பாதி உண்மை வெளியே வராது. தைத்த நோட்டு வேண்டாம், தனித்தாளில் எழுதுங்கள். நாலாம் நாள் ஒப்பிட்டுப் பார்த்ததும் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிசைந்துவிடுங்கள். (தாமிரபரணியில் போட வேண்டாம், அது சுமப்பது போதும்.) செல்போனில் எழுதுவது சரிப்படாது. மூன்றாவது வரியில் வாட்ஸ்அப் கூப்பிடும்.

நடந்த உடனே எழுத உட்காருவதும் தவறு. 2023 டிசம்பர் வெள்ளம் போன்ற ஒன்று வீட்டுக்குள் புகுந்து போன வாரத்தில் வேண்டியது ரேஷன் கார்டு, பாஸ்புக், மார்க் ஷீட் என்று நனைந்ததும் தொலைந்ததும் குறித்த பட்டியல்தான். உள்ளே பதறியதை எழுதச் சில வாரம் போகட்டும்.

எழுதும்போது தாங்க முடியாமல் போனால் அந்த இடத்திலேயே பேனாவை மூடிவிடுங்கள், 15 நிமிடம் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் குறைந்து எதிலும் நாட்டமில்லாமல் இருந்தாலோ, சாகணும் என்ற நினைப்பு தாளில் வந்தாலோ அது எழுதித் தீர்க்கிற காரியம் அல்ல. 'கோட்டின்னு (பைத்தியம்னு) சொல்லிருவாவ' என்று தயங்கியே நாளைக் கடத்துகிறவர்கள் இங்கே அதிகம். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.