உருளும் உருளையா? உராய்வை அவசரப்பட்டு எழுதாதீர்கள்

சாய்தளத்தில் உருளை உருண்டு வரும் கணக்கைப் பார்த்ததும், "உராய்வு = உராய்வுக் குணகம் × செங்குத்து விசை" என்று கை தானாக எழுதிவிடும் (செங்குத்து விசை என்பது தளம் தனக்குச் செங்குத்தான திசையில் உருளையைத் தள்ளும் விசை). மதிப்பெண் போவது அங்கேதான். வழுக்காமல் உருளும்போது உராய்வு தேவையான அளவுக்குத்தான் இருக்கும். அந்தச் சூத்திரம் சொல்வது அதன் உச்ச வரம்பை.

உராய்வைத் தெரியாத விசையாகவே விட்டுவிட்டு, தளத்தைத் தொடும் புள்ளியைப் பொறுத்துத் திருப்பு விசை (விசையின் சுழற்றும் விளைவு) எடுத்துப் பாருங்கள். உராய்வும் செங்குத்து விசையும் அந்தப் புள்ளி வழியே செல்வதால் இரண்டும் சமன்பாட்டுக்குள் வராது. எடையின் சாய்வுக் கூறு, அதாவது சாய்வு வழியே கீழே இழுக்கும் பங்கு, மட்டும் மிஞ்சும். ஆனால் நிலைமத் திருப்புத்திறனையும் (சுழற்சி மாற்றத்தை உருளை எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு) அதே புள்ளிக்கு மாற்ற வேண்டும்: திண்ம உருளைக்கு மையத்தில் 1/2 நிறை × ஆரம்², தொடுபுள்ளியில் 3/2. (இதை மாற்ற மறந்து நானே ஒரு முழுக் கேள்வியைத் தொலைத்திருக்கிறேன்.)

30 பாகைச் சாய்வு என்றால் முடுக்கம் 9.81 × 0.5 × 2/3 = 3.27 மீ/வி² (0.5 என்பது sin 30°; 2/3 என்பது அந்த 3/2-இன் தலைகீழ்). உராய்வே இல்லாமல் வழுக்கிச் சென்றால் கிடைக்கும் 4.905ஐ விடக் குறைவு, சரிதான்.

இப்போது உராய்வைக் கண்டுபிடியுங்கள்: எடையின் சாய்வுக் கூறில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குக் குணகம் குறைந்தது 0.193 வேண்டும். கேள்வியில் 0.15 என்று கொடுத்திருந்தால் உருளை வழுக்கும். அப்போதுதான் முதலில் சொன்ன சூத்திரத்துக்கு வேலை; "முடுக்கம் = ஆரம் × கோண முடுக்கம்" என்ற உறவை அடித்துவிட்டு, மையத்தைப் பொறுத்துத் திருப்பு விசை எடுங்கள்.

நிறைமையம் நடுவில் இல்லாத சக்கரத்துக்கு இந்தக் குறுக்குவழி அப்படியே பொருந்தாது.