லயத்துப் பிள்ளைகளும் லாயத்துக் குதிரைகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்தில், லயம் எனும் வரிசை வீடுகளில் வளரும் பிள்ளைகள் முதலில் பார்க்கும் குதிரை, மதுரை வீரன் கோயிலில் நிற்கும் வெள்ளைக் குதிரைதான். மாலை போட்டாலும் கற்பூரம் காட்டினாலும் அது அசையாது. ஆறு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் எங்கள் ஊரின் மாற்றுத்திறனுள்ள சிறப்புப் பிள்ளைகளைக் குதிரையோடு பழகுவதற்காக வேனில் ஏற்றிக்கொண்டு ஈப்போ பக்கம் உள்ள ஒரு லாயத்துக்குப் போய் வருகிறேன். அங்கே நிற்பது மூச்சு விடும் குதிரை, பயப்படும் குதிரை. இந்த வேறுபாட்டை மறந்து பிள்ளையை எப்படியாவது மேலே ஏற்றிவிட அவசரப்படுகிறோமே, மற்ற தவறுகளில் பாதி அந்த அவசரத்தில்தான் பிறக்கின்றன.

முதல் ஆண்டு நானே அந்தத் தவறைச் செய்தேன். ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுப் பையன். செம்பனை ஆலையில் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருந்த அவன் அம்மா, “ஒரு தடவை ஏற்றிவிடுங்கள் டீச்சர், படம் எடுத்து அவன் அப்பாவுக்கு அனுப்ப வேண்டும்” என்றார். மறுக்க மனம் வரவில்லை. இருவராகத் தூக்கி வைத்தோம். சேணத்தின் தோல் தொடையில் பட்டதும் பையன் வீறிட்டான். குதிரையின் காதுகள் பின்னால் படிந்தன, வால் விசிறியது. கயிறு பிடித்திருந்த பெரியவர், “இறக்கும்மா, ரெண்டு பேருமே பயந்து கிடக்கிறார்கள்” என்றார். அடுத்த வாரம் பையன் கையில் ஒரு தூரிகையைக் கொடுத்தார். மூன்று வாரம் அவன் செய்ததெல்லாம் கழுத்திலிருந்து தோள் வரை, மயிர் படியும் பக்கமாகத் தேய்த்ததுதான். நான்காவது வாரம் அவனே, கால் வைத்து ஏறும் அங்கவடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அன்றுதான் ஏற்றினோம்.

‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்’ என்று குதிரையைக் கள்ளனாக்கிவிட்டோம். வாயை இறுக்கும் குதிரை எதையோ வேண்டாம் என்கிறது. அதைக் கேட்கத் தெரியாதவர் பிள்ளையின் ‘வேண்டாம்’ஐயும் கேட்கமாட்டார். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. ஆகவே தோள் பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்க வேண்டும்.

மருத்துவரைக் கேட்காமல் ஏற்றுவதை மன்னிக்கவே முடியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் சேரும் மூட்டு தளர்ந்திருக்கும். குலுங்கினால் தண்டுவடம் நசுங்கலாம். கழுத்து வலி, நடை தடுமாற்றம், கைகால் பலவீனம், புதிதாகச் சிறுநீர் அடங்காமை இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சவாரியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். கட்டுக்குள் வராத வலிப்பு உள்ள பிள்ளையையும் ஏற்றக்கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் ஓ.கே.யு. அட்டை இருப்பது போதாது. சவாரி செய்யலாம் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

எல்லாவற்றையும் ‘குதிரை சிகிச்சை’ என்று ஒரே பெயரில் அழைப்பதும் பெற்றோரைக் குழப்புகிறது. குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு முன்பின்னாக, பக்கவாட்டில், மேலும் கீழுமாக அசைகிறது. நாம் நடக்கும்போதும் இடுப்பு ஏறக்குறைய இப்படித்தான் அசையும். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் இந்த அசைவைக் கொண்டு தசைகளைப் பழக்கினால் அது சிகிச்சை. மாற்றுத்திறனாளிக்கு ஏற்றபடி சவாரி கற்றுத் தருவது வேறு. ஏறாமலே தேய்த்து, கயிறு பிடித்து நடத்திப் பொறுமையும் துணிவும் பழகுவது இன்னும் வேறு. பணம் கட்டும் முன் இதில் எது, நடத்துபவர் என்ன படித்தவர் என்று கேளுங்கள்.

“ஆறு மாதத்தில் நடந்துவிடுவான்” என்று யாராவது சொன்னால் வேனைத் திருப்பிவிடுங்கள். டென்மார்க்கின் லிஸ் ஹார்டலை இப்படிப்பட்டவர்கள் உதாரணம் காட்டுவார்கள். 1944-இல் இளம்பிள்ளை வாதம் தாக்கியவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். ஆனால் நோய்க்கு முன்பே அவர் நாட்டின் சாம்பியன். பதக்கம் வென்றபோதும் முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தே இருந்தன. பிறர் உதவியுடன்தான் ஏறி இறங்கினார். அவர் சாதனை என்னைச் சிலிர்க்க வைக்கிறது, ஆனால் அது குணமான கதை அல்ல. சனிக்கிழமை லாயத்துக்கு வருவதால் பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வு மையத்துப் பயிற்சியையும் பேச்சுப் பயிற்சியையும் நிறுத்திவிடாதீர்கள்.

இளைஞர்களுக்கான தன்னம்பிக்கை முகாம்களில் வேறொரு தவறு நடக்கிறது. குதிரை ஒருவனை விட்டு விலகிப் போனால், “உன் மனதில் கோபம் இருக்கிறது, அதற்குத் தெரிந்துவிட்டது” என்கிறார்கள். கோப முகத்தின் படத்தைக் காட்டியபோது குதிரையின் இதயத்துடிப்பு விரைந்து உயர்ந்ததை 2016-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது உண்மைதான். அதற்காக விலகிய குதிரை தீர்ப்புச் சொல்லிவிட்டதாக ஆகாது. ஈ கடித்திருக்கலாம், பசித்திருக்கலாம். ஏற்கெனவே அடிபட்ட பதினாறு வயதுப் பையனிடம் அப்படிச் சொல்வது கொடுமை. “என்ன நடந்தது, நீ என்ன நினைத்தாய்?” என்று கேட்டுவிட்டு அவன் பேசும் வரை காத்திருங்கள்.

நம் வெயிலையும் புழுக்கத்தையும் குதிரை தாங்கும் என்று எண்ணாதீர்கள். வெப்ப நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். வேலை செய்த குதிரை மூச்சு வாங்குகிறது, தோலோ காய்ந்திருக்கிறது என்றால் நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி, கால்நடை மருத்துவரை அழையுங்கள். நாங்கள் காலை ஒன்பதரைக்குள் முடித்துவிடுகிறோம். சுமையும் அளவோடு இருக்கட்டும்: 400 கிலோ குதிரைக்குச் சேணத்தோடு 80 கிலோ, அதாவது அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, மேல்வரம்பு.

தீனி விஷயத்தில் நம்மவர் பாசம் பொல்லாதது. பிரசாதம், பிஸ்கட், நாசி லெமாக் மிச்சம் என்று நீட்டுவார்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. லாயத்தில் அனுமதித்ததை மட்டும், விரல்களை மடக்காமல் கொடுக்க வேண்டும். தூரிகை பிடித்த அந்தப் பையனுக்கு இப்போது பதினைந்து வயது, இன்னும் அதிகம் பேசுவதில்லை. புதிதாக வரும் சின்னப் பிள்ளைகளின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, உள்ளங்கையைத் தட்டையாக்கி, அதன் மேல் கேரட் துண்டை வைக்கிறான்.