விளிச்சொல்லையும் இருக்கும் இடத்தையும் பாருங்கள்: அமெரிக்கச் செவ்வியல் நாவல்களில் இனப் பாகுபாட்டை வாசிக்கும் முறை

அமெரிக்கச் செவ்வியல் நாவலொன்றில் இனப் பாகுபாட்டைத் தேடும் வாசகர், பெரும்பாலும் நீதிமன்ற வாதத்தையோ சாட்டையடிக் காட்சியையோ நல்ல மனம் படைத்த வெள்ளையர் ஒருவரின் நீண்ட பேச்சையோ அடிக்கோடிட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார். அந்த இடங்களையெல்லாம் ஆசிரியரே விரல் நீட்டிக் காட்டிவிடுவதால் வாசகருக்கு அங்கே பெரிய வேலை எதுவும் இல்லை. யார் எங்கே படுக்கிறார், யாரை யார் எப்படி அழைக்கிறார், யார் இறந்தால் அது மரணமாகக் கணக்கில் வருகிறது என்று கதை போகிற போக்கில் உதிர்த்துவிட்டுப் போகும் விவரங்களில்தான் ஏற்றத்தாழ்வு அசலாகப் பதிவாகியிருக்கிறது. அவற்றைக் கண்டுபிடிக்க நான் கையாளும் வழிகளை இங்கே சொல்கிறேன்.

முதல் பக்கத்திலேயே கதை நடக்கும் காலம், நூல் வெளிவந்த ஆண்டு ஆகிய இரண்டையும் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' அமெரிக்காவில் 1885இல் வெளிவந்தது. கதையோ அதற்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன், அடிமைமுறை சட்டப்படி செல்லுபடியாக இருந்த மிசிசிப்பி ஆற்றங்கரையில் நடக்கிறது. 1865இல் அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்துவிட்டபோதிலும், விடுதலை பெற்றவர்களின் உரிமைகள் தென் மாநிலங்களில் ஒவ்வொன்றாகப் பறிபோய்க்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் ட்வைன் இந்த நாவலை வெளியிட்டார். 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றமே இன ஒதுக்கலுக்கு ஒப்புதல் தந்தது. நாவலின் இறுதிப் பகுதியில், கதை சொல்லும் சிறுவன் ஹக்கோடு தப்பி வந்த அடிமை ஜிம்முக்கு எஜமானியின் உயிலால் ஏற்கெனவே விடுதலை கிடைத்துவிட்டது என்று தெரிந்திருந்தும், ஹக்கின் நண்பன் டாம் சாயர் அதை மறைத்து, பூட்டிய குடிசையில் அவரை வைத்தே சாகச விளையாட்டு ஆடுகிறான். இதை நாவலின் சறுக்கல் என்று சொன்ன விமர்சகர்கள் பலர். இரண்டு காலங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், விடுதலை கொடுத்த மனிதரையே மறுபடியும் பூட்டிவைத்த ஒரு நாட்டின் சித்திரமாகவும் அந்தப் பகுதி தெரிகிறது. இந்த வாசிப்பே எனக்கு ஏற்புடையது. ஆனாலும் அந்த அத்தியாயங்கள் அளவுமீறி நீண்டுவிட்டன என்ற குறை இதனால் தீர்ந்துவிடாது.

அடுத்து விளிச்சொற்களைக் கவனியுங்கள். முன்னிலைக்கு ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றே பொதுவாக இருப்பதால், மரியாதையும் அவமதிப்பும் பெயர்களிலும் அடைமொழிகளிலும் போய் ஒளிந்துகொள்கின்றன. ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) நாவலில் வெள்ளைப் பெண்ணொருத்தியைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் டாம் ராபின்சன் 25 வயதானவர். மனைவியும் மூன்று குழந்தைகளும் உள்ளவர். அவரைக் குறுக்கு விசாரணை செய்யும் அரசு வழக்கறிஞர் 'பாய்' என்றே அழைக்கிறார். அந்தத் தொனியைத் தாங்க மாட்டாமல் டில் என்ற சிறுவன் அழுதுவிடுகிறான். கதை சொல்லும் சிறுமி ஸ்கவுட்டுக்கோ அதில் அழுவதற்கு எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. 'பாய்' என்பதைப் 'பையன்' என்று மாற்றிப் படித்தால் குத்து போய்விடும். 'டேய்' என்று படித்துப் பாருங்கள், டில் ஏன் அழுதான் என்பது விளங்கும். தமிழ் மொழிபெயர்ப்பில் வாசிப்பவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். கறுப்பினப் பாத்திரம் 'அவன்' என்றும் அதே வயதுடைய வெள்ளையர் 'அவர்' என்றும் வந்தால், அந்த வேறுபாட்டைச் செய்தவர் மூல ஆசிரியர் அல்லர்.

அதே விசாரணையில், அந்த வெள்ளைப் பெண்ணுக்கு ஏன் உதவினாய் என்ற கேள்விக்கு, அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று ராபின்சன் உண்மையைச் சொல்லிவிடுகிறார். வழக்கறிஞர் உடனே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். ஏழையாக இருந்தாலும், குப்பைமேட்டருகே குடியிருந்தாலும், ஒரு வெள்ளையர்மீது கறுப்பின மனிதர் இரக்கம் கொள்வதை அந்த ஊர் பொறுத்துக்கொள்ளாது. இரக்கம் மேலிருந்து கீழே மட்டுமே போகலாம் என்ற விதி நாவலில் எங்கும் எழுதப்படவில்லை. மீறப்படும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

இடங்களையும் பொருள்களையும் பார்க்கும்போது இன்னும் நிதானம் வேண்டும். ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' (1937) கலிஃபோர்னியாவின் பண்ணையொன்றில் நடக்கிறது. கூலியாட்கள் எல்லோரும் ஒரே கொட்டகையில் படுக்க, குதிரைகளைக் கவனிக்கும் குரூக்ஸ் என்ற கறுப்பினத்தவருக்கு மட்டும் லாயத்தை ஒட்டிய, சேணச் சாமான்கள் வைக்கும் அறை. அங்கே உள்ளவற்றை ஸ்டைன்பெக் அடுக்கிக்கொண்டே போகிறார்: மருந்துப் புட்டிகள், அலாரம் கடிகாரம், ஒற்றைக்குழல் துப்பாக்கி, கிழிந்த அகராதி, 1905ஆம் ஆண்டின் கலிஃபோர்னியா உரிமையியல் சட்டத் தொகுப்பின் நைந்துபோன பிரதி. முதல் வாசிப்பில் இதை வெறும் வருணனை என்று நானும் தாண்டிப் போனேன். சில பக்கங்கள் கழித்து, முதலாளி மகன் கர்லியின் மனைவி அந்த அறைக்குள் நுழையும்போது, இங்கே வர உங்களுக்கு உரிமை இல்லை என்று குரூக்ஸ் எழுந்து நின்று சொல்கிறார். நான் நினைத்தால் உன்னை மரத்தில் தொங்கவிட வைக்க முடியும் என்று அவள் சொன்ன மாத்திரத்தில், அவர் சுவரோடு ஒடுங்கி, உயிரற்ற குரலில் 'யெஸ், மேம்' என்கிறார். சட்டப் புத்தகம் அலமாரியில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மிரட்டியவளுக்கோ நாவல் முழுவதும் ஒரு பெயர்கூட இல்லை. கணவன் பெயரால் மட்டுமே குறிக்கப்படுகிறவள், பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல்தான் அங்கே வந்தாள். ஆகவே இந்த மாதிரிக் காட்சிகளின் ஓரத்தில், இந்த நொடியில் யார் யாருக்கு மேலே, எதனால் மேலே என்று குறித்து வையுங்கள். பணம், பாலினம், நிறம் மூன்றும் மாறி மாறி எடை போடுவது அப்போது தெரியும்.

சிரிப்பு வரும் இடத்தில் ஒருமுறை நில்லுங்கள். 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில், நீராவிப் படகில் சிலிண்டர் வெடித்துவிட்டது என்று ஹக் கதை கட்டும்போது, யாருக்காவது அடிபட்டதா என்று டாமின் சாலி அத்தை கேட்கிறார். இல்லை, ஒரு கறுப்பன் செத்தான் என்கிறான் ஹக். நல்லவேளை, சில சமயம் ஆட்களுக்கு அடிபட்டுவிடுகிறது என்று அந்த அன்பான பெண்மணி ஆறுதல் அடைகிறார். ஜிம்முக்காக நரகத்துக்கே போகத் துணிந்த முந்தைய அத்தியாயத்தின் ஈரம் காயுமுன் ஹக் இந்தப் பதிலைச் சொல்கிறான் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மூலத்தில் அந்த இடத்தில் வருவது கறுப்பினத்தவரைக் கேவலப்படுத்தும் சொல். நாவலில் இருநூறு தடவைக்கும் மேல் வருகிறது. 2011இல் ஒரு பதிப்பில் அதை 'அடிமை' என்று மாற்றினார்கள். வகுப்பில் அதை உரக்கப் படிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் பக்கத்திலிருந்து அழித்துவிட்டால், நல்லவர்களின் வாயில் அது எவ்வளவு இயல்பாக வந்தது என்ற சாட்சியமும் போய்விடும்.

கடைசியாக, வெள்ளை எழுத்தாளரின் ஒவ்வொரு நாவலுக்கும் ஏறக்குறைய அதே காலத்துக் கறுப்பின எழுத்தாளரின் நாவலொன்றை இணையாக வையுங்கள். ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி'யோடு (1925) நெல்லா லார்சனின் 'பாஸிங்' (1929) நன்றாகப் பொருந்தும். இரண்டிலும் ஒருவர் தம் பிறப்பை மறைத்து மேல்தட்டுக்குள் நுழைகிறார். முதல் நாவலில், வெள்ளை ஓட்டுநர் ஓட்டும் காரில் போகும் பகட்டான கறுப்பினத்தவர் மூவரைப் பாலத்தின்மேல் பார்த்ததும் கதைசொல்லி நிக் உரக்கச் சிரிக்கிறான். லார்சனின் நாவலில் பார்வை மறுபக்கத்திலிருந்து வருகிறது. சிகாகோவின் உயர்தர ஓட்டல் மாடியில், வெயிலுக்கு ஒதுங்கித் தேநீர் அருந்தும், பார்ப்பவர்கள் வெள்ளையர் என்று எண்ணும் கறுப்பினப் பெண் ஐரீனைப் பக்கத்து மேசைப் பெண்ணொருத்தி உற்றுப் பார்க்கிறாள். நகத்தையும் காதையும் பல்லையும் வைத்தே இனத்தைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று வெள்ளையர்கள் பீற்றிக்கொள்வதை உள்ளூர எள்ளியபடியே, பிடிபட்டுவிட்டோமோ என்று ஐரீன் நடுங்குகிறாள். உற்றுப் பார்த்த கிளேரும் கறுப்பினத்தவள்தான். மாடியில் இருந்த மற்றவர்களுக்கு இருவரைப் பற்றியும் எதுவும் தெரியாது.